மூன்று நாளுக்கு ஒரு தொட்டி

இது மீன்களைப் பற்றிய கதை. "எங்களுக்கு இருக்கிற கரைச்சலுக்குள் கண்ணாடித் தொட்டி மீனைப் பற்றி ஏன் வாசிக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இன்று எனக்கும் மகளுக்கும் சோறு போடுவது அந்த மீன்கள்தான். அந்தத் தொழிலை நான் கற்றுக்கொண்டது ஒரு பிழையிலிருந்தும், அந்தப் பிழையை மறைக்கச் சொன்ன ஒரு பொய்யிலிருந்தும். அதனால்தான் எழுதுகிறேன்.

2007ஆம் ஆண்டு நான் வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கிட்ட உள்ள ஒரு பல் வைத்திய கிளினிக்கில் வேலை செய்தேன். நோயாளிகளுக்கு நம்பர் கொடுப்பது, கூட்டித் துடைப்பது, தேநீர் போடுவது எல்லாம் என் பொறுப்பு. மாதம் 7,500 ரூபா சம்பளம். கொட்டாஞ்சேனையில் ஓர் அன்ரியின் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை எடுத்து, எட்டு வயது மகளுடன் இருந்தேன். அவளுடைய தகப்பன் இல்லாமற்போன பிறகு எங்களுக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

கிளினிக்கின் முன்னறையில் ஒரு பெரிய கடல் மீன் தொட்டி இருந்தது. பல்லுப் பிடுங்க வரும் பிள்ளைகள் பயத்தை மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். செம்மஞ்சளில் வெள்ளைக் கோடு போட்ட கோமாளி மீன் இரண்டு, சின்ன நீல டாம்சல் மீன் மூன்று, ஒரு வண்ணத்துப்பூச்சி மீன், அவற்றோடு இரண்டு இறாலும் ஒரு நத்தையும். நாளுக்கு இரண்டு நேரம் தீன் போடுவதும் கண்ணாடி துடைப்பதும் என் வேலை. டொக்டர் மிஸ் அந்தத் தொட்டியில் உயிரையே வைத்திருந்தார்.

மே மாதம் 12ஆம் திகதி, சனிக்கிழமை, மிஸ் 1,200 ரூபா தந்து ஒரு நீலநிற சர்ஜன் மீன் வாங்கி வரச் சொன்னார். வால் அடியில் சத்திரக்கத்தி போல ஒரு முள் இருப்பதால் அதற்கு அந்தப் பெயர். எங்கள் இலங்கைக் கடலிலேயே பிடிபடும் அழகான மீன். கடைக்காரர் பையைக் கட்டித் தரும்போது, "நேரே பெரிய தொட்டியில் விட வேண்டாம். நாலு கிழமை வேறு தொட்டியில் வைத்துப் பாருங்கள்" என்று சொன்னார். மிஸ்ஸும் அதையே சொல்லியிருந்தார். அதற்கென்று ஒரு சின்னத் தொட்டியும் பின்னறையில் இருந்தது. ஆனால் அதைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, காற்றுப் பம்பு பொருத்த ஒரு மணித்தியாலமாவது வேண்டும். அன்று அரைநாள் வேலை. மகள் தனிய இருப்பாள். இருட்டுக்கு முன்னர் சோதனைச்சாவடிகளைத் தாண்டிக் கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டும். மீன் பார்வைக்கு நல்ல சுத்தமாக இருந்தது. பெரிய தொட்டியிலேயே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

ஆறாம் நாள், சர்ஜன் மீனின் செட்டையில் உப்புத்தூள் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். கல்லில் உடம்பை உரசி உரசி நீந்தியது. மிஸ் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"புது மீனை வேறாக வைத்துத்தானே விட்டனீர்?"

"ஓம் மிஸ்" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. வேலை போய்விடும் என்ற பயம். அவர் நம்பினார். நம்பியதால் தண்ணீரில்தான் பிழை என்று நினைத்து வடிகட்டியை மாற்றினார், தீனை மாற்றினார். நோய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாய் திறக்கவில்லை.

நாலு நாளில் புள்ளிகள் எல்லாம் மறைந்தன. நான் கொச்சிக்கடை அந்தோனியாருக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். ஒரு கிழமைக்குள் புள்ளிகள் திரும்பி வந்தன. இந்த முறை எல்லா மீனிலும், பத்து மடங்கு. செவுள் படபடவென்று அடிக்க, மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குத் தவித்தன. மூன்று நாளில் மூன்று மீன் செத்தன. முதலில் சர்ஜன் மீன், பிறகு வண்ணத்துப்பூச்சி மீன், பிறகு ஒரு டாம்சல். அவற்றைக் கையால் எடுத்துக் கடதாசியில் சுற்றியபோது எனக்குக் கை நடுங்கியது.

அன்று இரவு அன்ரியிடம் அழுதேன். அவர், "ஒழுங்கை முடிவில இருக்கிற அங்கிள் மீன் ஏற்றுமதிக் கம்பனியிலதான் கனகாலம் வேலை செய்தவர். அவரிட்டக் கேள் பிள்ளை" என்றார்.

அங்கிள் சொன்ன பாடம்

அங்கிள் அப்போது ஓய்வெடுத்து வீட்டில் இருந்தார். அலங்கார மீன்களைப் பொதி செய்து விமானத்துக்கு அனுப்பும் வேலையில் அவருடைய தலை நரைத்தது. இலங்கையிலிருந்து வெளிநாடு போகும் நன்னீர் அலங்கார மீன்கள் பெரும்பாலும் தொட்டிகளிலும் குளங்களிலும் வளர்த்தவை. கடல் மீன்களோ பெரும்பாலும் சுழியோடிகள் கடலில் பிடிப்பவை. காற்றுக் காலத்துக்கு ஏற்றபடி சுழியோடிகள் தெற்கிலும் மேற்கிலும் சில மாதம், கிழக்கில் சில மாதம் என்று மாறுவார்கள். பிடித்த மீனை ஒட்சிசன் அடைத்த பைகளில் போட்டு இரவோடிரவாகக் கொழும்புக்கு அனுப்புவார்கள். "யுத்த காலத்தில லொறி சோதனைச்சாவடியில மணிக்கணக்கா நிக்கும். பைத் தண்ணி சூடேறும். உயிரோட வந்து சேர்ந்தாலும் மீன் பயந்து களைச்சுப்போய்த்தான் வரும். அப்படிப்பட்ட மீனைத்தான் நோய் முதல்ல பிடிக்கும் மகள்" என்றார்.

வந்த நோய்க்குக் கடல் மீன் வெண்புள்ளி நோய் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒற்றைக்கல ஒட்டுண்ணி அதை உண்டாக்குகிறது. கிரிப்டோகாரியன் இரிட்டான்ஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். 1930களில் யப்பானில் ஓர் ஆய்வாளர் இதைப் பற்றி எழுதினார். 1951இல் இந்தப் பெயர் சூட்டப்பட்டது. நன்னீர் மீனிலும் வெண்புள்ளி நோய் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு உயிரி. அதனால் நன்னீர் மீனுக்குச் செய்கிற கைமருந்துகளை நம்பிக் கடல் மீனைக் காப்பாற்ற முடியாது.

அங்கிள் ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு வட்டம் கீறினார்.

முதல் வட்டம்: ஒட்டுண்ணி மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே புகுந்து தின்று கொழுக்கும். இதைத்தான் நாங்கள் வெள்ளைப் புள்ளியாகப் பார்க்கிறோம். இது மூன்று முதல் ஏழு நாள் வரை.

இரண்டாவது: கொழுத்ததும் மீனை விட்டு விழும். பெரும்பாலும் இரவு இருட்டில், விடியுமுன். அப்போது புள்ளி மறையும். நாங்கள் சுகம் என்று நினைப்போம்.

மூன்றாவது: விழுந்தது மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள் ஒன்று பலவாகப் பிரியும். ஒரு கூட்டிலிருந்து இருநூறு குஞ்சுகள் வரை வரக்கூடும். குறைந்தது மூன்று நாள் வேண்டும். வழக்கமாக நாலு கிழமைக்குள் வெடிக்கும். 72 நாள் கழித்து வெடித்த கூடும் உண்டு.

நாலாவது: வெளியே வந்த குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும். ஓரிரு நாளுக்குள் மீன் அகப்படாவிட்டால் செத்துப்போகும்.

இதைக் கேட்டபோதுதான் நான் மெழுகுதிரி கொளுத்திய நாளில் தொட்டியின் அடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று விளங்கியது. நோய் போகவில்லை. பெருகிக்கொண்டிருந்தது.

"மஞ்சள் தூள் கரைச்சு ஊற்றலாமோ அங்கிள்? வேப்பிலை?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் எல்லாப் புண்ணுக்கும் அதுதானே மருந்து.

"தண்ணிதான் கெடும்" என்றார். "நன்னீர்ல முக்கி எடுத்தாலும் சரிவராது. தோலுக்கு மேல ஒட்டியிருக்கிற சில பூச்சிகள்தான் அதில விழும். இது தோலுக்கு உள்ள இருக்கிறது."

மருந்து என்று ஒன்று இருந்தது. அது செப்பு. ஆனால் மீனின் தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் செப்பு தொடாது. நீந்தும் குஞ்சை மட்டுமே கொல்லும். அதனால் கிழமைக்கணக்கில் தண்ணீரில் அளவு குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை என்று ஒரு நூல் இழை போன்ற அளவு. குறைந்தால் பயனில்லை, கூடினால் மீன் சாகும். நாளாந்தம் அளந்து பார்க்கும் சோதனைப் பெட்டி வேண்டும். பெரிய தொட்டியில் ஊற்றவே கூடாது. இறாலும் நத்தையும் செத்துப்போகும். கல்லும் மணலும் செப்பை உறிஞ்சிக்கொள்ளும்.

"சோதனைப் பெட்டி உன்னட்ட இல்லை. உனக்கு மருந்தில்லாத வழி சொல்லித்தாறன். இடம் மாத்திறதுதான் மருந்து. மூன்று நாளுக்கு ஒரு தொட்டி."

எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "அப்படியெண்டால் நாங்கள் எல்லாரும் எப்பவோ சுகமாகியிருக்க வேணும் அங்கிள்" என்றேன். அவரும் சிரித்தார்.

கணக்கு இதுதான். மீனைச் சுத்தமான தொட்டியில் விடு. அது சுமந்து வந்த ஒட்டுண்ணியில் கொஞ்சம் அங்கே விழுந்து கூடு கட்டும். அந்தக் கூடு வெடிக்க மூன்று நாளாவது வேண்டும் அல்லவா? அதற்கு முன், மூன்றாம் நாள் காலை, மீனைப் பிடித்து வேறு சுத்தமான தொட்டிக்கு மாற்று. விழுந்தது பழைய தொட்டியோடு போகும். அதைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடு. காய்ந்தால் கூடு சாகும். இப்படி நாலு முறை மாற்றினால், பன்னிரண்டு நாளில் மீனின் உடம்பில் ஒன்றும் மிஞ்சாது.

ஜூன் 7

ஜூன் 1ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, மிச்சமிருந்த நாலு மீனையும் நாற்பது லீற்றர் பிளாஸ்ரிக் தொட்டியில் விட்டேன். வெள்ளவத்தைக் கடல் றெயில் பாதைக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் அது தென்மேல் காற்றுக் காலம். வாய்க்கால் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து கடல் மண்ணிறமாகக் கிடந்தது. அந்தத் தண்ணீரில் உப்பும் குறைவு, அழுக்கும் அதிகம். சமையல் உப்பும் உதவாது. கடலில் இருக்கும் மற்ற உப்புகள் அதில் இல்லை. மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பைத்தான் வாங்க வேண்டும். ஒரு லீற்றருக்கு 35 கிராம். ஐந்து முறை நிரப்ப 200 லீற்றர், ஏழு கிலோ உப்பு. தொட்டி இரண்டு, காற்றுப் பம்பு இரண்டு, வலை இரண்டு. ஒரு தொட்டியின் வலை மற்றத் தொட்டிக்குள் போகக்கூடாது. பழைய தண்ணீர் ஒரு கோப்பைகூடப் புதியதில் கலக்கக்கூடாது. புதுத் தண்ணீரின் சூடும் உப்பும் பழையதுக்குச் சமமாக இருக்க வேண்டும்.

ஜூன் 4, திங்கள், இரண்டாவது தொட்டி. மீன்கள் தீன் எடுக்கத் தொடங்கின. அடுத்தது 7ஆம் திகதி, வியாழன்.

அந்த நாளை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். 2007 ஜூன் 7 விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, புறக்கோட்டைப் பக்கங்களில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பிப் பஸ்களில் ஏற்றினார்கள். 376 பேர். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். வவுனியா முதலான இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் இருந்தது வாடகை அறை, விடுதியல்ல. என்னிடம் பதிவுத் துண்டும் இருந்தது. ஆனாலும் வீதியில் பஸ் நிற்கும் சத்தமும் அழுகைச் சத்தமும் கேட்டபோது யாருக்கு அந்த வித்தியாசம் ஞாபகம் வரும்? அன்ரி கதவைப் பூட்டித் திறப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். நான் மகளைப் பள்ளிக்கு விடவில்லை.

எட்டு மணிக்கு அன்ரியின் போனில் மிஸ்ஸுக்கு எடுத்தேன். "மிஸ், இண்டைக்கு மீனை மாத்த வேணும்..." என்று தொடங்கினேன்.

"மீன் கிடக்கட்டும். நீர் வெளியில வரவேண்டாம். பிள்ளையையும் விடாதேயும். சாப்பாட்டுச் சாமான் இருக்குதோ?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வி என்னை நாள் முழுக்க அரித்தது. என்னை நம்பி இப்படிக் கேட்கிற ஒருவருக்கு நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் ஜூன் 8ஆம் திகதி, இப்படி வெளியேற்றுவதை நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. அது வரும் என்று அறியாமலே காலையில் நான் பஸ் ஏறிவிட்டேன். கிளினிக்குக்குப் போய் முதலில் மிஸ்ஸின் அறைக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன். "மிஸ், புது மீனை நான் வேறாக வைக்கேல்லை. நேரே பெரிய தொட்டியிலதான் விட்டனான். உங்களிட்டப் பொய் சொல்லிப்போட்டன்."

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதை அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் வடிகட்டியை நோண்டிக்கொண்டு இருந்திருக்கமாட்டன். மூன்று மீனும் தப்பியிருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கூடச் சுட்டது. "சம்பளத்தில வெட்டமாட்டன். ஆனா இனி எனக்கு உண்மை வேணும்."

அன்று மீனை மாற்றினேன். ஆனால் நாலாம் நாளாகிவிட்டது. முதல் இரவு விழுந்த கூடு விடியுமுன் வெடித்திருக்கலாம். அங்கிள் ஈவிரக்கம் பார்க்கவில்லை. "முதல்ல இருந்து எண்ணு மகள்" என்றார். ஜூன் 8, 11, 14, 17, 20. மொத்தம் ஏழு தொட்டித் தண்ணீர், 280 லீற்றர், ஏறக்குறையப் பத்துக் கிலோ உப்பு. 17ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் பூட்டு. மிஸ் திறப்பைத் தந்திருந்தார். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வலை பிடித்தாள். ஜூன் 20இல் நாலு மீனிலும் ஒரு புள்ளி இல்லை.

வெறுந்தொட்டி

மீன் சுகமானாலும் பெரிய தொட்டி சுகமாகவில்லை. அதன் மணலில் கூடுகள் காத்திருந்தன. அங்கே மீனே இல்லாமல் 76 நாள் விட வேண்டும் என்றார் அங்கிள். ஆறு கிழமை போதும் என்று சொல்பவர்களும் உண்டு. 72 நாள் கிடந்த கூட்டைப் பற்றித் தெரிந்த பிறகு யார் அவசரப்படுவார்கள்? இறாலுக்கும் நத்தைக்கும் இந்த நோய் வராது. அவை மட்டும் வெறுந்தொட்டியில் திரிந்தன. பிள்ளைகள், "மீன் எங்க அன்ரி?" என்று கேட்பார்கள். "சுகமில்லை, ஆஸ்பத்திரியில" என்பேன். மிஸ்ஸுக்கே ஜூலையில் பொறுமை போய்விட்டது. "தண்ணி நல்ல தெளிவா இருக்குதே, விடுவமே?" என்றார். "தெளிவாத்தான் இருக்கும் மிஸ். ஓகஸ்ட் 16 மட்டும் பொறுங்கோ" என்றேன். அவருக்கு எதிராக நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் பொறுத்தார். ஓகஸ்ட் 16ஆம் திகதி நாலு மீனையும் விட்டோம். அந்த நோய் அந்தத் தொட்டிக்குப் பிறகு வரவில்லை.

அதைக் கேள்விப்பட்டு மிஸ்ஸின் சிநேகிதி ஒருவர் தன் வீட்டுத் தொட்டியைப் பார்க்கக் கூப்பிட்டார். பிறகு இன்னொரு வீடு. இன்று வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தில் ஒன்பது தொட்டிகளைப் பராமரிக்கிறேன். புது மீன் வாங்குபவர்களுக்கு அதை நாலு கிழமை என் அறையில் வைத்துப் பார்த்துக் கொடுப்பது தனி வருமானம்.

இந்த ஒட்டுண்ணி அழகு மீனை மட்டும் பிடிப்பதில்லை. கடலிலும் களப்பிலும் கூடு போட்டுக் கொடுவா வளர்க்கும் சகோதரிகளும் இதை அறிந்திருக்க வேண்டும். உரசி நீந்துதல், தீன் எடுக்காமை, செவுள் வேகமாக அடித்தல் என்பவை புள்ளிக்கு முன்னரே வரும் அடையாளங்கள். புள்ளிக்குப் பதிலாகப் பொன்தூசி படிந்தது போல இருந்தால் அது வேறு ஒட்டுண்ணி. ஓரிரு நாளில் எல்லாவற்றையும் கொன்றுவிடும். அதற்குக் காத்திராமல் உடனே தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும். மட்டக்குளி காக்கைத்தீவில் நாரா என்னும் நீர்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீருயிரின வளர்ப்புக்கென்று 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நக்டா அதிகாரசபையும் இருக்கிறது. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

அங்கிள் இப்போது இல்லை. அவர் கீறித் தந்த கலண்டர் தாள் என்னிடம் இருக்கிறது. புது மீன் வாங்க வருபவர்களுக்கு அந்த நாலு வட்டத்தையும் காட்டிவிட்டு, என் மே மாதக் கதையையும் சொல்லுவேன். மீன் சுத்தமாகத் தெரிந்தது என்று நம்பியதும், கேட்டபோது உண்மை சொல்லாததும் ஆகிய இரண்டு பிழையையும் சேர்த்தே சொல்லுவேன். நோய் வந்ததற்காக எவரும் எங்களைத் தண்டிப்பதில்லை, சகோதரிகளே. மறைத்த நாட்களுக்குத்தான் கணக்குக் கொடுக்க வேண்டி வருகிறது.